மணல்திட்டு நகர்ந்த பிறகு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்கவேண்டும். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறுகிறார், சொன்னால் கேட்கிற ஆளா. உன் தங்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன், போனில் சொன்னால் அவள் காதில் விழுந்துவிடும். புயலுக்குப் பிறகு நம் கடற்கரை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. தொலைவிலேயே அலையை உடைத்து நிதானமாகக் கரைக்கு அனுப்பிய மணல்திட்டு படகுத்துறைப் பக்கம் நகர்ந்துபோய், அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அங்கே அலை உடையாது, தண்ணீர் குளம் மாதிரி தெரியும், ஆனால் கரையேறிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வேகமாகக் கடலுக்குத் திரும்புகிறது. தங்கை அங்கே சிவப்புக் கொடி நட்டுவிட்டுத்தான் தன் சர்ஃபிங் வகுப்பைத் தொடங்குவாள்.

போன சனிக்கிழமை வெளியூரிலிருந்து ஒருவர் தன் சின்ன மகளோடு வந்திருந்தார். "அமைதியா இருக்குன்னு அந்தப் பக்கம் இறங்கிடாதீங்க சார்" என்று இவள் சொல்லித்தான் இருக்கிறாள். அந்தக் குழந்தை காலில் ஒட்டிய மணலைக் கழுவப் போய் இழுப்பில் மாட்டிக்கொண்டது, அவர் பின்னாலேயே குதித்துவிட்டார். இவள் சர்ஃபிங் பலகையோடு பாய்ந்துபோனபோது முதலில் எட்டியது அவரைத்தான். "என்னைய விடும்மா, அவளப் புடி" என்றாராம். குழந்தையைப் பிடித்துப் பலகையில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் அவரைக் காணவில்லை. சாயங்காலம் மீன்பிடிக்கிறவர்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள்.

அவர் மனைவி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் சொன்னதத்தானேம்மா நீ செஞ்ச" என்று அழுதாள். அன்றிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கடல் பக்கம் திரும்புவதில்லை. உன்மேல் தப்பில்லை என்று அப்பா ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறாள். இப்போது டீக்கடைக்காரர்தான் கொடி நடுகிறார், பாவம், நல்ல மனுஷன், ஆனால் பள்ளம் தினமும் இடம் மாறுவது அவருக்குத் தெரியாது. அந்தக் கொடியை நம்பிப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் நன்றாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்ய மறந்துவிடாதே. ஆறுதல் எதுவும் சொல்லாதே, நடந்ததைக் கேட்காதே. இன்று அலை எப்படி என்று மட்டும் கேள். உனக்குப் பொய் சொல்ல அவளுக்கு வராது, பதில் சொல்வதற்காவது போய்ப் பார்ப்பாள்.

உன் அம்மா