செல்லியின் பின்னடிகள்

கொல்லம் 1106 இடவம் 25, திங்கள்.

குழந்தை தொட்டதால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று செல்லியின் அம்மாவிடம் இன்று நான் சொல்லவில்லை.

செல்லி பள்ளியில் சேர்ந்த ஒரு வாரமாக அவளைக் கூச்சக்காரி என்றே நினைத்திருந்தேன். நான் ஓர் அடி கிட்டப் போனால் அவள் ஓர் அடி பின்னால் போவாள். "ஏட்டி, டீச்சர் ஒன்ன தின்னுருவாங்களா?" என்று பிள்ளைகள் கேலி செய்யும். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று இன்று நானே விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுதவைத்தேன். எழுதி முடித்ததும் முதல்முறையாகச் சிரித்தாள்.

கூட்டிப்போக வந்து முற்றத்தில் நின்ற அவள் அம்மா அலறிவிட்டாள். "தாயே, பொறுக்கணும்! எங்க சாதி எத்தன அடி தள்ளி நிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்புனேன். சின்னப் பிள்ள, மறந்துட்டா."

ஆறு வயதுப் பிள்ளை வாரம் முழுவதும் அடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் போய் நான் கூச்சம் என்று... இத்தனை புத்தகம் படித்தும் இது தெரியவில்லை. அந்த அம்மா மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். செல்லி இனிப் பள்ளிக்கு வருவாளா?

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. என் அம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றாள். நான் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.