ஒச்சாயி அத்தை ஏறிய வண்டி

உ

வேப்பங்குளத்துப்பட்டி
கார்த்திகை மாதம், 1963

அன்பு மகள் சண்முகவள்ளிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உங்கய்யாவும் உன் அக்காள் பேச்சாயியும் அவள் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிறது ராசாவோ ராசாத்தியோ அதுவும், இதே மாதிரி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் போதும் எனக்கு. பிலாயில் குளிர் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள், பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றாதே, வாய்க்குப் புளிப்பு கேட்கிறது என்று வெறும் புளியைத் தின்னாதே, நெல்லிக்காய் கிடைத்தால் தின்னு.

நீ கேட்டதற்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வரவா, இங்கேயே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டிருந்தாய். நீ எதை நினைத்துப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும் தாயி. அக்காளுக்கு முதல் பிள்ளை வலி கண்டு, மழையோடு மாட்டு வண்டி கட்டி, ஓடை மணலில் சக்கரம் இறங்கி, திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் பிள்ளை தங்காமல் போனதை நீயும் பார்த்தவள்தானே. அன்றைக்கும் நம் காட்டு வழியாக ரயில் போனது, நிற்காமல் போனது. இப்போது சொல்கிறேன், தைரியமாகப் புறப்பட்டு வா. நம் ஊரில் வண்டி நிற்கிறது, இனிமேலும் நிற்கும் என்று போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. அது எப்படி நின்றது என்று எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் தண்டவாளம் போட்டபோது ஒச்சாயி அத்தையின் அப்பா புஞ்சையை நடுவில் கிழித்துக்கொண்டு போனார்கள், கிணறு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் ஆயிற்று. வண்டி வந்தால் அவள் முதுகைக் காட்டி நிற்பது உனக்கே நினைவிருக்கும். அதற்கப்புறம் எத்தனையோ மனுப் போட்டு இந்தச் சித்திரையில்தான் இங்கே நிறுத்த ஒத்துக்கொண்டார்கள். பழைய ரயில் பெட்டி ஒன்றைச் சக்கரம் கழற்றி இறக்கி வைத்தார்கள், அதுதான் ஸ்டேஷன், நம் பொன்னுத்துரைதான் உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறான். மஞ்சள் போர்டில் ஊர்ப் பேர் எழுதி நட்ட அன்றைக்கு என்னைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னார்கள், நானும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன், என் அஞ்சாம் வகுப்பு அன்றைக்கு வீண் போகவில்லை. ஆனால் வந்திருந்த அதிகாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், ஐப்பசி முடியப் பார்ப்போம், ஆள் ஏறினால் ஸ்டேஷன் இருக்கும், ஏறாவிட்டால் பெட்டியையும் போர்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று.

முதல் மாதம் புது மோகத்தில் ஊரே ஏறியது. விதைப்பு வந்ததும் ஒரு ஈ காக்காய் இல்லை. ரயில் கார்டு தினமும் எட்டிப் பார்த்து ஏறுகிற ஆளை எண்ணி எழுதிக்கொண்டு போகிறார் என்று பொன்னுத்துரை வந்து புலம்பினான். அப்போதுதான் உங்கய்யா ஊர்க் கூட்டத்தில் சொன்னார், கண்மாய்த் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு முறை வைக்கிறோமே, அந்த மாதிரி ரயிலுக்கும் முறை வைப்போம், முறை வந்த வீட்டில் ஒரு ஆள் திண்டுக்கல் போய் வரவேண்டும் என்று. டிக்கெட்டை வாங்கிக் கிழித்துப் போட்டால் போதாதா என்றது ஒரு குரல். ஏறாத வண்டிக்குச் சீட்டு வாங்கி யாரை ஏமாற்ற என்று நான் பொம்பளைகள் பக்கமிருந்து கேட்டுவிட்டேன், உங்கய்யா ஒரு பார்வை பார்த்தார், ஆனால் அப்படியே முடிவாயிற்று. அதன்பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல, பெருமாள்சாமி மாமா போன இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டுக்கல் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினார், திண்டுக்கல் எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்டதற்கு நல்ல காற்றோட்டம் என்றாராம். உன் சின்னம்மாவுக்கு முறை வரும்போதெல்லாம் மூக்குத்தித் திருகு கழன்று திண்டுக்கல் நாகல் நகர் ஆசாரியிடம் போகவேண்டி வந்தது. தண்ணீர் முறையைக் கொடுத்து ரயில் முறையை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஒச்சாயி அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை, எங்கப்பன் காட்டை ரெண்டாக்கின வண்டியில் நான் கால் வைக்கவா என்றிருந்தாள், அது நியாயம்தானே.

ஐப்பசி கடைசியில் அந்த அதிகாரி இதே வண்டியில் வருகிறார் என்று சேதி வந்தது, அன்றைக்கு நம் வீட்டு முறை. விடியமுன்னே பிடித்த மழை, கண்மாய்க் கரை கசிகிறது என்று ஊர்ச்சனம் அம்புட்டும் மண்வெட்டியோடு கரையில் கிடந்தது. நான் சேலை மாற்றிக் கிளம்புகிற நேரம் தொழுவத்துச் சுவர் சரிந்து கன்றுக்குட்டி அடியில் மாட்டிக்கொண்டது, நானும் பேச்சாயியும் மண்ணைத் தள்ளி அதை இழுத்துப் போட்டுவிட்டு நான் வரப்பு வழியே ஓடுகிறேன், வண்டி ஊதிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. கத்தினாலும் கேட்காத தூரம். எனக்கு அந்த ஓடை மணல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, அவ்வளவுதான், இளையவளுக்கும் மாட்டு வண்டிதான் என்று நினைத்தேன். பார்த்தால் மேடையில் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு உருவம் கம்பியைப் பிடித்து ஏறுகிறது, அந்த நடையே காட்டிக்கொடுத்தது, ஒச்சாயி அத்தை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் நான் போனேன். நனைந்த தலையோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் விறகைத் தள்ளிவிட்டேன். அவளாகத்தான் சொன்னாள், “அன்னிக்கு ஓடையில ஒம் மக வண்டியப் பின்னாடி இருந்து தள்ளுனவ நானு, மதினி. அவ போட்ட சத்தம் இன்னமும் காதுல கெடக்கு. இன்னொரு தடவ அத என்னால கேக்க ஏலாது.” ஈரத் தலையை உதறிக்கொண்டே, ஆனால் உங்கள் ரயில் ரொம்பக் குலுங்குகிறது, நம் மாட்டு வண்டியே தேவலை என்றும் சொன்னாள். இத்தனை வருஷம் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது வள்ளி. பேச்சாயியிடம் வந்து சொன்னேன், மறுநாள் அவள் கறந்த பாலைத் தானே கொண்டுபோய் அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். முறைக்கு ஏறிய ஒவ்வொரு வீட்டுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம், முறையே இல்லாமல் ஏறியவளுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மாசியில் வளைகாப்புக்கு நாள் பார்த்திருக்கிறார் உங்கய்யா, மாப்பிள்ளையை இப்போதே லீவு எழுதிக் கொடுக்கச் சொல். சிறுமலைப் பழம் ஒரு தார் சொல்லி வைத்திருக்கிறேன். மதராஸில் மாறும்போது பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொள், யார் கொடுத்தாலும் எதையும் வாங்கித் தின்னாதே. திண்டுக்கல்லில் பாசஞ்சரில் ஏறும்போது நடுப்பெட்டியில் ஏறு, நம் மேடை குட்டை, முன்னாலும் பின்னாலும் ஏறினவர்கள் சரளைக் கல்லில்தான் குதிக்க வேண்டும். நீயும் உன் பிள்ளையும் நூறு வயசு நிறைந்து வாழ மாரியாத்தா துணை இருப்பாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. வண்டி நின்றதும் கீழே நாங்கள் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். நீ ஒச்சாயி அத்தை கையைப் பிடித்து இறங்கு. என் கையை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
அழகம்மாள்