ஹமீது விட்ட பந்து

உ

மாட்டுங்கா லேபர் கேம்ப்
7-8-1966

அன்புள்ள மகன் காசிராஜனுக்கு அம்மா சண்முகவடிவு ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, தங்கச்சி தங்கமயில், நான், ஒழுகுகிற கூரை நால்வரும் சுகம். அங்கே பிலாயில் நீயும், தினம் சப்பாத்தி தின்று காய்ந்துபோன உன் வயிறும் எப்படி என்று எழுதவும். நான் மூன்றாம் வகுப்பு, நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள், ஆகவே மெதுவாகப் படி, கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, விஷயம் நடுவில் இருக்கிறது.

இப்பவும் மழை நாலு நாளாக விடவில்லை. மழை வந்தாலே எனக்கு நீ காலேஜில் பந்தடித்த அறுபத்துமூன்றாம் வருஷம்தான் ஞாபகம். இந்த ஊரில்தானே சேற்றைப் பார்த்ததும் பந்தடிக்கக் கிளம்புகிறார்கள். பதினோரு பேரும் தலை முதல் கால் வரை சேறாக நம் ஒற்றை அறைக்குள் வந்து நிற்பீர்கள், இதில் நான் பெற்றது எது என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். பதினோரு பனியனும் அடுப்புக்கு மேலே கொடியில் காயும், கீழே சாளை மீன் குழம்பு கொதிக்கும், அந்த வாடை தாங்காமல்தான் எதிர் டீம் பையன்கள் ஒதுங்கி ஓடினார்கள், அப்படித்தான் இவன்கள் வரிசையாக ஐந்து மேட்ச் ஜெயித்தான்கள் என்று அப்பா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுகிறார். நான் ஒரு மேட்சை விட்டேனா? உன்னைத் தள்ளிவிட்டவனைக் கண்டுகொள்ளாத ரெஃப்ரியைப் பார்த்து, ஊதலை வாயில வச்சிட்டு ஒறங்குதியால கரிமுடிவான் என்று குடைக்குள்ளிருந்து கத்தினேனே, அந்த மனிதர் திரும்பி நின்று, எனக்கும் கண் தெரியறது மாமி, செத்த உட்காருங்கோ என்றாரே, தமிழ் தெரிந்த மாட்டுங்கா ஐயர் என்று எனக்கு எப்படித் தெரியும். நீ மட்டும் என்னைத் தெரியாதவன் மாதிரி அந்தப் பக்கம் ஓடிப்போனாய், உங்கள் கோல்கீப்பர் ஹமீதுதான் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அந்த ஹமீது போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். மூன்று வருஷம் கழித்து. கூப்பரேஜ் மைதானத்தில் ஃபைனலன்று கடைசி நிமிஷத்தில் அவன் கைக்கு வந்த பந்து விரால் மீனாக நழுவி உள்ளே போனதும், நீ எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, எவங்கிட்டல துட்டு வாங்குன என்று கேட்டதும், அவன் பையை எடுத்துக்கொண்டு போனதும் நான் மறக்கவில்லை. அதோடு அவன் நம் வாசலை மிதிக்கவில்லை, நீயும் அவன் பேச்சை எடுக்கவில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணம், இந்த 28-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாஹிமில். என் வாய் சும்மா இருக்குமா, ஏலே, பந்த விட்ட மாதிரி பொண்டாட்டியையும் விட்றாதல என்றேன். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, நீங்க எண்ணெய் தேய்க்காம இருந்தா பிடிச்சிருவேன் யம்மா என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபைனல் சனிக்கிழமை அல்லவா. எண்ணெய் வைக்காமல் எந்தச் சனிக்கிழமை உன்னை வெளியே விட்டிருக்கிறேன். உன்னைக் கூப்பிட வந்தவனையும் பிடித்து உட்கார வைத்து, முந்தின மேட்சில் வீங்கின மணிக்கட்டிலும் பத்து விரலிலும் நல்லெண்ணெயைக் காய்ச்சி நான்தான் உருவிவிட்டேன். குழாய் ஒரு மணிக்கே நின்றுவிட்டது. இருந்த ஒரு வாளித் தண்ணீரையும் நீ தலையில் ஊற்றிக்கொண்டாய். அவன் என் பழைய சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். அன்றைக்குப் பெய்த மழையில் அந்தக் கையில் பந்து எப்படி நிற்கும்?

இத அன்னைக்கே அவன்ட்ட சொல்லியிருக்கலாமேல என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னைய ஏசுனா நான் மாஹிம்ல எங்க வீட்டுக்குப் போயிருவேன் யம்மா, உங்களோட சண்டை போட்டா அவன் எங்க போய்ச் சோறு திம்பான் என்றான். வந்தவனுக்குக் காப்பி கொடுக்கவும் மறந்து உட்கார்ந்துவிட்டேன், தங்கமயில்தான் போட்டுக் கொடுத்தாள்.

ஆகவே மகனே, அந்தக் கோலில் பாதி எனக்கு, பாதி உன் ஒரு வாளித் தண்ணீருக்கு, ஹமீதுக்கு ஒன்றும் இல்லை. உன்னோடு ஆடின மற்ற ஒன்பது பேருக்கும் அவனே பத்திரிகை கொடுத்துவிட்டான். உன்னுடையதை மட்டும் என் கையில் கொடுத்து, நான் அனுப்புனா கிழிச்சிருவான், நீங்க அனுப்புங்க என்றான். இதோடு வைத்திருக்கிறேன். கிழித்தே ஆகவேண்டும் என்றால் இந்தக் கடுதாசியைக் கிழி, பத்திரிகையில் கை வைக்காதே. லீவு இல்லை என்று எழுதினால் உன் ஆபீசருக்கு நானே எழுதுவேன், என் எழுத்தைப் பார்த்தால் பயந்து கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமையே வந்து தாதரில் இறங்கு, அப்பா குடையோடு நிற்பார்.

நீ நூறு வயசு இருக்கவேண்டும், கூட்டாளியோடு இருக்கவேண்டும். ஞாபகம், 27-ம் தேதி சனிக்கிழமை, உனக்கு எண்ணெய் உண்டு. ஆனால் இரண்டு வாளித் தண்ணீர் முதலிலேயே பிடித்து வைத்துவிடுவேன், சீயக்காய் போட்டுக் கையை நன்றாக அலசு. மறுநாள் அவனைக் கட்டிப் பிடிக்கும்போது நழுவக்கூடாது.

இப்படிக்கு
அந்தக் கோலை விட்ட உன் அம்மா
செ. சண்முகவடிவு