எடை குறைந்த பட்டை

ஸ்மோலாந்து, அக்டோபர்

அன்புள்ள வெல்காவுக்கு,

நீ சுகமா? அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே ரொட்டிகூட இனிக்கிறது. யாராவது கப்பலில் வந்தால் நம் கறுப்பு ரொட்டி கொடுத்தனுப்பு.

புயலில் விழுந்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம், வளைந்து கிடந்த மரமொன்று அறுக்கும்போது துள்ளியெழுந்ததில் இடது கையில் சின்னக் காயம். ஆறிவிட்டது, பயப்படாதே. அதன்பிறகு என் சின்ன மோட்டார் ரம்பமே முன்முனை கனத்துக் கீழே சாய்கிறது. முன்பிடியைத் தாங்குவது இடது கைதானே. அதனால் சங்கிலி சுற்றி ஓடும் பட்டையை மட்டும் எடை குறைந்ததாக மாற்றக் கடைக்குப் போனேன்.

"இது உள்ள குடைஞ்ச பட்டைங்க. புயல் மரம் நெரிச்சா வளைஞ்சிடும்," என்றாள் கடைக்காரி.

கூட வேலை செய்யும் தார்மோ விடவில்லை. "வளைஞ்சா பட்டைதானே போகும்? உன் கை நடுங்குறதை முதலாளி பாத்தா உன்னையே கப்பல் ஏத்திடுவாரு. வாங்கித் தொலைடா கிழவா!"

வாங்கினேன். நேற்று நான் அறுப்பதை முதலாளி பார்த்துவிட்டு, அடுத்த மரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

வேன் வந்துவிட்டது, தார்மோ ஹாரன் அடிக்கிறான். குளிர் தொடங்கிவிட்டதால் எனக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. இடது கைக்குக் கட்டைவிரலோடு மூன்று விரல் போதும். மற்ற இரண்டு இடத்தையும் நெருக்கிப் பின்னி மூடிவிடு, காற்று புகுகிறது. நம் கல்யாண மோதிரம் வலது கையில்தானே, அது பத்திரமாக இருக்கிறது.

உன்
மோத்ரிஸ்