உன் பெங்களூரும் என் சென்னையும்

பீரோவைத் திறந்ததும் முதலில் அந்துருண்டை வாசனைதான் வந்தது. அதற்குப் பிறகுதான் உன் ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. அந்துருண்டை பட்டால் சரிகை கறுத்துவிடும் என்று அம்மா அதைப் பட்டுப் புடவைகளோடு வைக்க விடவே இல்லை. அதனால் ஆரணியில் ஒரு நாளும் போடாத கத்தரிப்பூ நிற ஸ்வெட்டருக்கு இந்த வீட்டில் தனித் தட்டு. கேட்டால் பெருமைப்பட்டிருப்பாய்.

பீரோவை ஒழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்த இவரை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சென்னையா, பெங்களூரா, எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். "நீ சொல்ற ஊருக்குப் போலாம்" என்று இவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். தூக்கம் போனது எனக்கு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன், சென்னைதான் என்று சொல்லியிருப்பேன். நான் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியாதா? ஆனால் இது பாப்பா விஷயம். அவள் வயதுப் பிள்ளைகள் தெருவில் கதை கதையாகப் பேசுகிறார்கள். இவளோ "அம்மா", "தா", "வேணாம்" என்பதோடு சரி. நாலு வார்த்தை சேர்த்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பொறுமைக்கு நான் எங்கே போக? கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுகிற ஊரில் இவள் வாயைத் திறப்பாளா? சென்னைக்கே போனாலும், வாயைத் திறந்தால் வருகிற நம் ஊர்த் தமிழைக் கேட்டு யாராவது சிரித்தால்? பயத்துக்கு இரண்டு ஊரிலும் இடம் இருந்தது.

வேலூர் பஸ்ஸில், உங்கள் வீடு இருந்த சேத்துப்பட்டிலிருந்தே, ஆரணியில் ஏறும் எனக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு வருவாயே, அந்தக் காலேஜ் நாட்களில் நமக்குள் சண்டையே கிடையாது. உனக்குப் பெங்களூரிலும் எனக்குச் சென்னையிலும் வேலை கிடைத்த பிறகுதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தால் ஊர்ச் சண்டைதான். "வேர்க்காம ஒரு பஸ்ல ஏறி இறங்க முடியுமாடி உன் ஊர்ல?" என்பாய். உன் ஊரில் முதலில் பஸ் நகருமா என்று நான் கேட்பேன். உங்கள் சமணக் குடும்பத்தில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் டிபன் பாக்ஸை ஆபீஸ் பஸ்ஸிலேயே திறந்துவிடுவாய். ஒரே சிக்னலில் சாப்பிட்டு, டப்பாவைத் துடைத்து மூடியும் வைக்கலாம், உன் ஊரில் அந்த வசதி உண்டா என்று என்னையே கேட்டாய். சாம்பாரில் வெல்லம் போடுவதைக்கூட நியாயம் என்று பேசினாய். அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மட்டும் நான் சண்டை போடவில்லை. "மெயிலைப் பார்த்துகினு இருக்கேன்" என்று அந்த வாரம் ஆபீஸில் வாய் தவறி நம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட, வரிசையே சிரித்தது. அதிலிருந்து "பார்த்துக்கிட்டு", "வந்துக்கிட்டு" என்று நாக்கைப் பிடித்துப் பிடித்துப் பேசினேன். இதைக் கேட்டதும் நீ கிண்டல் செய்யவில்லை. "வெள்ளிக்கிழமை கிளம்பி வா" என்றாய்.

பெங்களூர் வந்ததும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாய். பூக்கடை முன்னால் நான் விலை கேட்கலாமா, என்ன மொழியில் கேட்பது என்று தயங்கி நின்றேன். பூக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "என்னாம்மா, பார்த்துகினே நிக்கற? ஜல்தியா வாங்கிகினு போ, மழ வருது."

விசாரித்தால், அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு நம் ஆரணிக்குப் பக்கத்துக் கண்ணமங்கலம். ஊரையே நீ கட்டி வைத்தது போல ஒரு சிரிப்புச் சிரித்தாய். "கேட்டுக்கினியா? நம்ம பேச்சுக்கு இங்க விசா வேணாம்டி." சொன்னபடியே மழை வந்தது. நடுங்கினேன். தெருக்கடையில் இந்த ஸ்வெட்டரை வாங்கி மாட்டிவிட்டாய். சென்னைக்காரி என்று தனியாக நெற்றியில் எழுத வேண்டாம், நடுக்கமே சொல்கிறது என்றாய்.

என் ஊருக்கும் ஒரு வெற்றி உண்டு, மறைக்காதே. சென்னை வந்தால் முதலில் கடற்கரைக்குத்தான் இழுத்துப்போவாய். வெளிச்சம் இருக்கும்போதே சுட்ட சோளத்தை அவசரமாகக் கடித்து முடித்துவிட்டு, அலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். "இத மட்டும் எடுத்துக்கினு போக முடிஞ்சா" என்று ஒருமுறை சொன்னாய். அன்று நான் ஜெயித்ததாகக் கணக்கு.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்திய வாரம் வீடியோவில் பாப்பாவைப் பார்த்து, "பேசுவாடி. ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டா, உன்னை மாதிரி" என்றாய். அது ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். துணிகளை நான் மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறி கரண்ட் போய் நின்றிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. பாப்பா உன் ஸ்வெட்டரை இழுத்துத் தலை வழியாகப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. கைகள் தரையில் புரள, வாசலைப் பார்த்து நடந்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று இவர் சும்மா கேட்டார்.

"நானு சொட்டரு போட்டுகினு போறேன்."

துணியைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சலித்துக்கொண்டு சொன்னாள், அதே கினுவோடு. இவர், "அப்படியே ஆரணி" என்று சிரித்தார். இந்தப் பேச்சைக் கேட்டு யாராவது சிரிப்பார்களே என்ற பயம் இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த மார்க்கெட்டும் மழையும்தான் நினைவுக்கு வந்தன. எத்தனை மொழி கேட்டாலும் நடுவில் நம் பேச்சும் இவள் காதில் விழும் ஊர் அது.

பெங்களூர் என்றேன். இவர் நம்பவில்லை. நீ சென்னைக் கட்சி ஆயிற்றே என்றார். கட்சி மாறிவிட்டேன் என்றேன்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஸ்கூல், வீடு, தண்ணீர், அங்கத்திய குளிர், எல்லாவற்றுக்கும் பயந்து வைத்திருக்கிறேன். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது. பெட்டியில் மேலாக உன் ஸ்வெட்டரை வைத்தாகிவிட்டது. போனதும் பூக்கார அம்மாவைத் தேடி, பாப்பாவை விலை கேட்கச் சொல்ல வேண்டும்.

அங்கே வேர்க்காது, ஒத்துக்கொள்கிறேன். கடல் கிடையாது, அதை நீ ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். சாம்பார் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் துணி மடிக்கும்போதும் சமைக்கும்போதும் இப்போதெல்லாம் ரெண்டு ஊருக்கும் சேர்த்து நானேதான் பேசிகினு இருக்கேன்.