பருப்பு வெந்த ஊர்

அக்கா,

நேற்றுக் காலை பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். பழைய போர்வை மூட்டைக்குப் பின்னாலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று உருண்டு வந்தது. அதன் மேல் காயத்துக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி, நீல மையில் ‘திருச்சி’ என்று எழுதியிருந்தது, உங்கள் கையெழுத்தில். உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். மூடியைத் திறந்தேன், பாசி வாடை அடித்தது. திரும்ப மூடிவிட்டு அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் இப்படி உட்கார்ந்துகொண்டிருந்தால் மூட்டை கட்டுவது யார்?

உயிரோடு இருந்தவரை உங்களை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் ‘நீங்கள்’ என்று வருகிறது. செத்துப்போனால்தான் மரியாதை கிடைக்கும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டு பேருமே புருஷன் செத்து வாரிசு வேலைக்கு வந்தவர்கள். ஆவடியில் அதை யாரும் மறைத்துப் பேசுவதில்லை. ‘அதுக்கு இன்னாப்பா, புருசன் வேலை’ என்று நம் காதுபடவே சொல்வார்கள். ராணுவ உடைத் தொழிற்சாலையில் சட்டை தைக்கும் பிரிவில் உங்களுக்குக் காலர், எனக்குக் கை. எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் நீங்கள். திருநெல்வேலிப் பேச்சு கடைசி வரை உங்களை விட்டுப் போகவில்லை. சேர்ந்த புதிதில் நீங்கள் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டபோது திட்டுகிறீர்கள் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், புங்கமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தீர்கள். என்னவென்று கேட்டேன்.

“நான் பொறந்தது அப்பன் ஊரு. வந்தது புருசன் ஊரு. நாமளா பார்த்து, ‘இங்கதான் இருக்கப் போறேன்’னு சொன்ன ஊருன்னு ஒண்ணு உண்டாட்டி?”

“எனக்கு மட்டும் இன்னாக்கா? பூந்தமல்லியிலேந்து ஆவடி. பஸ்ல ஒரு மணி நேரம். அதுவும் நானா வந்தேன்? இட்டுகினு வந்தாங்க, வந்தேன்.”

“அப்பம் ரிட்டயர் ஆனப் பொறவு ஒரு ஊரு பார்ப்போம். நாம ரெண்டு பேருமாப் பார்ப்போம்.”

அன்றைக்கு ஆரம்பித்தது. உங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் கல்யாணமாகி புனேவுக்குப் போய்விட்டாள். முழு ஓய்வு நமக்கு ஒத்து வராது, உடம்பு துருப் பிடித்துவிடும் என்றீர்கள். பாதி நாள் ஜாக்கெட், பாவாடை தைப்பது, மீதிப் பாதி நாள் சும்மா கிடப்பது என்று முடிவானது. சும்மா கிடப்பதைத்தான் நீங்கள் அதிகம் பேசினீர்கள்.

ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி பார்ப்பார்கள், வாடகை பார்ப்பார்கள், சொந்தக்காரர் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். நீங்கள் பருப்பு வேகவைத்துப் பார்த்தீர்கள். ஆவடி உப்புத் தண்ணீரில் இருபது வருடம் பருப்போடு மல்லுக்கட்டியவர் வேறு என்ன செய்வார்? வருடா வருடம் லீவு போட்டு ஒரு ஊருக்குப் போவோம். நான்கு நாள் லாட்ஜ், டவுன் பஸ், மார்க்கெட். திரும்பும்போது அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பை வெறும் பாத்திரத்தில் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். குக்கரில் வைத்தால் என்ன என்று கேட்டேன்.

“குக்கர்ல போட்டா கல்லும் வெந்துரும். அது பரீட்சையா?”

கோயம்புத்தூரில் பருப்பு நன்றாகவே வெந்தது. வாடகைதான் நம் பென்ஷனைப் பார்த்துச் சிரித்தது. ஓசூர் குளிர் உங்கள் முட்டிக்கு ஆகவில்லை. மதுரையைப் பற்றி இப்போது எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். திரும்பி வரும் வழியில் ரயிலை எங்கேயோ பொட்டல் காட்டில் நிறுத்திவிட்டார்கள். நல்ல வெயில். தூக்கக் கலக்கத்தில் கைக்கு வந்த பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன்.

“அடிப்பாவி, மதுரையக் குடிச்சிட்டியேட்டி!”

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பரீட்சை எழுதாத பிள்ளையைப் பாஸ் போட முடியாது என்று மதுரையைக் கழித்தே விட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் போல நம் பிரிவில் எனக்கு ‘மதுரையைக் குடிச்சவ’ என்றே பெயர்.

திருச்சிக்குக் கடைசியாகத்தான் போனோம். உறையூரில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு நம் வயது இருக்கும். கிழக்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல். காலை வெளிச்சம் உனக்கு, ஊசி கோக்க உனக்குத்தான் கண் தெரியாது என்று கிழக்கு ஜன்னலை எனக்கு ஒதுக்கி, உங்கள் தையல் மெஷின் நிற்கும் இடத்தைத் தரையில் காலால் அளந்தீர்கள். அந்த அம்மா, “மாடி சும்மாதாங்க கெடக்கு. ரெண்டு பேரும் எப்ப வந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க” என்றார். ஆவடிக்கு வந்து என் வீட்டில் உலை வைத்தோம். கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து, பருப்பு குழைந்துவிட்டது. உப்புக்கூடப் போடாமல் அள்ளி வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

“முடிஞ்சுதுட்டி. ஊரு இதுதான்.”

மீதித் தண்ணீரைக் கொட்டப் போனேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் பரணில் ஏற்றினீர்கள்.

ஊர் முடிவானது. போகும் நாள்தான் முடிவாகவில்லை. அதற்குக் காரணம் நான். நீங்கள் முதலில் ஓய்வு பெற்றீர்கள், எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. உங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எனக்காகப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு மாடி அறையில் போய் உட்கார்ந்தீர்கள். குடிதண்ணீரைக் கீழிருந்து குடத்தில் தூக்க வேண்டும். இருபத்திரண்டு படி. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிரப்பி வைப்பேன், புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

நான் முன்கூட்டியே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நிறையப் பேர் அப்படிப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கேட்டீர்கள், வாயைத் திறந்து கேட்டீர்கள். “இந்த சூன்ல போயிருவோமாட்டி?” அதற்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். இங்கேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதக் கை வராது.

எனக்கு அந்த மேற்பார்வை நாற்காலி வேண்டியிருந்தது. அதுதான் உண்மை. நம் பிரிவில் ‘புருசன் வேலை’யில் வந்த பெண் ஒருத்திகூட அதில் உட்கார்ந்ததில்லை. என் பெயர் பட்டியலில் அடுத்ததாக இருந்தது. இருபது வருடம் அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவள், ஒரு நாளாவது அதைச் சொன்னவர்களுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். இதை உங்களிடம் சொல்லவில்லை. பென்ஷன் கூடும் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் நம்பினீர்களா, நம்பியது போல இருந்தீர்களா, தெரியவில்லை.

போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் நாம். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் கைக்கு வரும். உங்கள் கடைசி நாளன்று சாயங்காலம் வாங்கிப் பார்த்தேன். பதினோரு அழைப்பு. முதல் நான்கு உங்களுடையது. மற்ற ஏழும் கோவில்பதாகை வீட்டுக்காரம்மாவுடையது. நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து கீழ் வராந்தாவில் படுக்க வைத்திருந்தார்கள். “தண்ணி எடுத்துகினு ஏறினாங்கம்மா. பாதிப் படில குந்திக்கினாங்க. நெஞ்ச அடைக்குதுன்னாங்க. உனுக்குத்தான் போன் போட்டுகினு இருந்தாங்க” என்றார் அந்த அம்மா.

போன் கேட்டில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் போனையும் அத்தனை வருடம் அங்கே கொடுத்துவிட்டுத்தானே வந்தீர்கள்? தெரிந்தும் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். இதை நினைக்காமல் ஒரு நாளும் எனக்கு விடிவதில்லை.

மூன்று மாதம் கழித்து நாற்காலி வந்தது. எட்டு மாதம் உட்கார்ந்தேன். மற்ற நாற்காலிகளைப் போலத்தான் அதுவும் இருந்தது. ‘புருசன் வேலை’ என்று சொன்னவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் வாழ்த்துச் சொல்லி ஸ்வீட் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன்.

என் சர்வீஸும் முடிந்தது. போன மாதம் நான் மட்டும் திருச்சிக்குப் போனேன். உங்களைக் கேட்ட உறையூர் வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க வாங்க. தனியா இருந்தா என்ன, கீழ நான் இருக்கேன்ல?” என்றார். நல்ல மனுஷி. மாடிச் சாவியைக் கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

பார்த்தேன். ஜன்னல், சமையல்கட்டு, மொட்டைமாடிக் கதவு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்தால் ஒன்றுமே வரவில்லை. காபி போடுவேன். அப்புறம்? அந்த ஊரைப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஊரைப் பிடிப்பதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. முட்டி வலி உங்களுடையது, பருப்பு உங்களுடையது, சும்மா கிடக்கும் ஆசையும் உங்களுடையது. உங்களோடு சேர்ந்து நானும் ஊர் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது நீங்கள் ஊர் பார்ப்பதை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானப் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

மகளுக்குப் போன் செய்தேன். “எந்த ஊருன்னாலும் சரிம்மா, உன் இஷ்டம்தான்” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இஷ்டம் என்று ஒன்று இருப்பதாக அவள் நினைக்கிறாள்.

அதனால் புரோக்கரிடம் சொன்னேன். அவர் மூன்றே நாளில் வேப்பம்பட்டில் ஒரு வீடு பிடித்துவிட்டார். திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஆறு வருடம் தமிழ்நாட்டைச் சுற்றிய பிறகு, இதே தண்டவாளத்தில் நான்கைந்து ஸ்டேஷன் தள்ளிப் போகிறேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ரயில் சத்தம். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தேன், கரித்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், “தண்ணியா பிரச்சன? கேன் போட்டுக்கோம்மா. ட்ரெயினு கீது, கடைங்க கீது, கூப்பிட்டா ஆட்டோ வரும். ஒண்டி ஆளுக்கு வேற இன்னா வோணும்?” என்றார். வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பன் ஊர், புருஷன் ஊர், இப்போது புரோக்கர் ஊர்.

தையல் மெஷினைக் கொண்டுபோகிறேன். தைப்பேனா என்று தெரியாது. உங்கள் மெஷினைக் கோவில்பதாகை அம்மா கேட்டார், கொடுத்துவிட்டேன். உங்கள் புடவையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன வார்த்தை எதையாவது நினைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது தெரிகிறது, என்னோடு வருவது நீங்கள் சொன்னது எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதுதான். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“இன்னும் ஒரு வருசம்தானேக்கா. ஊரு எங்க ஓடிடப் போவுது?”

எங்கேயும் ஓடவில்லை, அக்கா. போன மாதம் போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்தேன். அப்படியே இருக்கிறது.