தெரியும் என்ற பொத்தான்

ஒசாகா, 12.11.2008

அன்புள்ள அப்பாவுக்கு அனு எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? செங்கல்பட்டில் மழை விட்டதா?

ஆயிரம் ஜப்பானிய வார்த்தை படித்துவிட்டேன் என்று நான் பீற்றிக்கொண்டதை, கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னீர்களாமே. கூசுகிறது அப்பா. கம்ப்யூட்டர் அட்டை அட்டையாக வார்த்தை காட்டும். அர்த்தம் தெரியுமா தெரியாதா என்று நாமே பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'தெரியும்' அழுத்திவிட்டேன். நேற்று ஆபீசில் பக்கத்து சீட்டு யூமிகோ ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவள் அம்மா இறந்துவிட்டார் என்று பிறகு இன்னொருத்தி இங்கிலீஷில் சொன்னாள். அதுவும் நான் 'தெரியும்' அழுத்திய வார்த்தைதான்.

அந்த வார்த்தைகளை அர்த்தத்தோடு தமிழ் எழுத்திலேயே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பத்துப் பத்தாகக் கேளுங்கள். நீங்கள் நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால், நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆபீசுக்கு நேரமாகிறது.

அனு